டிராக்கம்மாவுக்கு இந்த வருஷம்

வருஷக் கடைசியில் வருகிற அந்தப் பத்திரிகையைப் பார்த்தாலே மீட்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று நேற்று வந்த ஆத்திரம் கிடையாது. இருபத்தாறு வருஷமாக வயிற்றுக்குள் கிடக்கிற ஆத்திரம். இசைத் தொழில் சங்கத்தார் டிசம்பரில் தடிமனாக ஓர் இதழ் போடுவார்கள். வழவழவென்று தாள், அட்டையில் கோட்டு போட்ட நாலு பேர் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ‘தொழிலில் இந்த ஆண்டு’ என்று பன்னிரண்டு பக்கம். எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கியது, எந்தப் பாட்டை எத்தனை கோடித் தடவை கேட்டார்கள், எவர் எவரோடு கூட்டுச் சேர்ந்தார் என்று மாத வாரியாக இருக்கும். கட்டம் கட்டி அம்புக்குறி போட்டிருப்பார்கள். அத்தனை அம்பும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பேர் தெரிந்த பாடகர்கள் படத்தோடு வருவார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து அதே மைக்கில் நின்று பாடிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வரி வந்ததில்லை. அச்சுப் பிழையாகக்கூட வந்ததில்லை.

மீட்டர் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஸ்டூடியோவில் பாட்டைப் பதிகிற வேலை அவருக்கு. ஒலியின் அளவு காட்டுகிற முள்ளிலேயே கண் வைத்துக்கொண்டு, “சிவப்பைத் தொடுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவர் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாலே அடுத்த சுரம் சேருமா சேராதா என்று சொல்லிவிடுவார்.

அந்த ஸ்டூடியோவில் இருபத்தொரு வருஷமாக டிராக் பாடியவளை எல்லாரும் டிராக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் பாட்டை யாராவது முழுசாகப் பாடிப் பதிந்து வைக்க வேண்டும். பெரிய பாடகி அதை ஹெட்போனில் கேட்டுக் கற்றுக்கொண்டு தன் குரலில் பாடுவார். ஊர் கேட்பது அதைத்தான். முதலில் பாடியது பெட்டிக்குள் போய்விடும். அதற்குத்தான் டிராக் என்று பெயர்.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாடுகிற ஆள் பாட்டில் தெரியக் கூடாது. சங்கதி வைக்கக் கூடாது, குழையக் கூடாது, அழுகிற வரியில் அழக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் தங்கள் வித்தையைக் காட்டப் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். டிராக்கம்மா ஒரு நாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. “பாய் விரிச்சுக் குடுக்கறதுதாண்ணே என் வேலை. படுக்கிறவங்க அவங்க இஷ்டத்துக்குப் புரண்டுக்கட்டும்” என்பாள். இதில் இன்னொரு நுணுக்கமும் வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இமைக்கிற நேரம் முன்னதாகவே முடித்துவிடுவாள். பின்னால் வருகிறவர் மூச்சு வாங்க இடம் வேண்டுமல்லவா? யாரும் சொல்லிக் கொடுக்காத மரியாதை அது. வேறு யாரும் செய்து மீட்டர் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி இடது கண்ணை முழுதாகவும் வலது கண்ணைப் பாதியாகவும் தின்றுவிட்டது. வண்டியைத் தொட்டால் நீங்களும் போவீர்கள், எதிரே வருகிறவனையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் டாக்டர் பேச்சைக் கேட்கிற ரகம் இல்லை. மனைவி பேச்சைத்தான் கேட்டார். “உனக்கு மைக் இருக்கிற வரைக்கும் நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்” என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னார். அந்தப் பேச்சுக்கு மறுபாதி ஒன்று இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, டிராக்கம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. லைசென்சில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. பழைய லாரி முதலாளி மாசத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். நல்ல டிரைவர் கிடைக்காத காலம். கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

அப்படி இருந்த வீட்டுக்குள்தான் இந்த வருஷம் நுழைந்தது.

ஜனவரியில் ஸ்டூடியோவை நடத்திய கம்பெனிக்காரர்கள் தங்கள் பழைய பாட்டுகளை மொத்தமாக ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். பத்திரிகையில் அது ‘வரலாறு காணாத பேரம்’. ஸ்டூடியோ வாசலில் அது இரண்டு வேன். மேல்மாடி அறையில் இருந்த நாடாப் பெட்டிகளையும் டிஸ்க்குகளையும் அலமாரியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். டிராக்கம்மா பாடிய அத்தனையும் அதில் போயிற்று. இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று மீட்டர் ஒரு வார்த்தை கேட்டார். கூட வந்த அதிகாரி நல்ல மனுஷர், விளக்கம் சொன்னார். பாட்டு இனிமேல் நிலம் மாதிரியாம். வாங்கிப் போட்டால் விலை ஏறிக்கொண்டே போகுமாம்.

“அந்த நிலத்துல நின்னு பாடினவங்க?” என்றார் மீட்டர்.

“அவங்களை எதுக்கு சார் வேன்ல ஏத்தணும்?” என்று சிரித்தபடி அவர் கதவைச் சாத்தினார்.

விற்ற பிறகு புதுப் பாட்டு எடுப்பது குறைந்தது. பழசே சம்பாதித்துக் கொடுக்கும்போது புதுசு எதற்கு? வாரத்துக்கு நாலு நாள் வந்துகொண்டிருந்த டிராக்கம்மா இரண்டு நாள் வந்தாள். வீட்டில், புது முதலாளி வந்தால் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தாள்.

மார்ச்சில் பாட்டுக் கேட்கிற செயலிக்காரர்கள் புது விதி கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு ஆயிரம் தடவைக்குக் கீழே கேட்கப்படுகிற பாட்டு கணக்கிலேயே வராது. டிராக்கம்மாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு தொகுப்பு உண்டு. எட்டுத் தாலாட்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பாடியதை, ஒரு விடுமுறை நாளில் மீட்டர்தான் பதிந்து கொடுத்தார். உலகத்தில் அவள் குரல் அவள் இஷ்டத்துக்குச் சங்கதி போட்டுக் குழைந்து புரண்டது அந்த எட்டில் மட்டும்தான். ஆயிரத்தைத் தொட முன்னூற்றுச் சொச்சம் குறைந்தது.

கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன் போன், மகளுடைய பழைய போன், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய போன், மூன்றையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, சத்தத்தைக் குறைத்து, தாலாட்டை ஓட விட்டார். சாப்பிடும்போதும் ஓடியது, தூங்கும்போதும் ஓடியது. பத்தொன்பது நாள். இருபதாம் நாள் செயலிக்காரர்கள் எட்டுப் பாட்டையும் எடுத்துவிட்டார்கள். போலியாகக் கேட்கிறார்கள் என்று காரணம் போட்டிருந்தது.

ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க மீட்டர் அவர்கள் வீட்டுக்குப் போனார். மூன்று போனும் இன்னும் மேஜை மேலேயே இருந்தன. கணவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“தாலாட்டைக் கேட்டுட்டு ஒருத்தன் தூங்காம இருக்கக் கூடாதாம்பா. அதுதான் குத்தமாம்” என்றார்.

டிராக்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எனக்கு இருந்ததே ஒரு ரசிகர். அவரும் போலின்னு சொல்லிட்டாங்கண்ணே” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் குரலைத் தாழ்த்தி, வேலை முன்னைப் போல வருகிறதா என்று மீட்டரிடம் கேட்டார். வருகிறது, வருகிறது என்று இரண்டு தடவை சொன்னார் மீட்டர். ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

அதனால்தான் ஜூன் மாசம் அந்த ஆறு நாள் வேலை வந்தபோது மீட்டர் யோசிக்கவே இல்லை. முதலீட்டு நிறுவனம் புது மைக்குகளும் புதுக் கருவிகளும் அனுப்பியிருந்தது. கூடவே ஒரு பட்டியல். ஒரு பெண் குரலில் ஒவ்வொரு உயிரெழுத்தையும் ஒவ்வொரு சுரத்திலும் பதிய வேண்டும். மெதுவாக ஒரு தடவை, உரக்க ஒரு தடவை. பிறகு மெய்யெழுத்துகள், பிறகு வாக்கியங்கள். புது மைக் வந்தால் ஒரு சாதாக் குரலை அதில் பாட விட்டு அளந்து பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். பெரிய பாடகியை வைத்து அளக்க முடியாது. அவர் பாட்டுக்கு ஏதாவது நெளிவு வைப்பார், மைக் எது குரல் எது என்று தெரியாது. இது அளவெடுக்கிற வேலை என்று மீட்டர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவும் இல்லை, அப்படி இல்லை என்று சொல்லவும் இல்லை. சாதாக் குரல் என்றால் டிராக்கம்மாவை விட்டால் யார்? ஆறு நாள் முழுசாக வேலை கொடுத்த பெருமையில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பதினொரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் இருந்தது. மீட்டர் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் அவர் போட்டார்.

ஐந்தாம் நாள் பட்டியலில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மூச்சு மட்டும். இழுக்கிற மூச்சு, விடுகிற மூச்சு, அழுகைக்கு முன்னால் வருகிற மூச்சு. முக்கால் மணி நேரம் மூச்சு விட்டுவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிராக்கம்மா கேட்டாள்: “ஏண்ணே, மூச்சுக்குக்கூடவா டிராக்?”

“புது மைக்கும்மா. அதுக்கு எல்லாம் பழகணும்” என்றார் மீட்டர்.

ஜூலையில் ஒரு நாள் கூடக் கூப்பிடவில்லை. ஆகஸ்டில் ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் புதுப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஓட விட்டார். டிராக் ஏற்கெனவே இருந்தது. யார் பாடினார்கள் என்று மீட்டர் கேட்டதற்கு, யாரும் பாடவில்லை, கம்ப்யூட்டரில் வரிகளை அடித்தால் பாடுகிறது என்றார். நாலு மணி நேர வேலை நாலு நிமிஷத்தில் முடிகிறது, தண்ணீர் கேட்பதில்லை, தொண்டை கட்டுவதில்லை. மீட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அறிந்த குரல் போலவும் இருந்தது, அறியாத குரல் போலவும் இருந்தது. மூன்றாவது வரி முடிந்தது. கடைசி எழுத்து இமைக்கிற நேரம் முன்னதாக மூடிக்கொண்டது. அடுத்த வரியிலும் அப்படியே. அதற்கடுத்த வரியிலும்.

பின்னால் யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் அது இடம் விட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

மீட்டர் எழுந்துபோய் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது உதவியாளர், முள் சிவப்பைத் தொடுகிறதே, பார்க்கவில்லையா என்று கேலி செய்தார்.

மறுநாள் அவர் முதலீட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். ஏழாவது மாடி. வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் இருந்தது. மேனேஜராக இருந்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று உட்காரச் சொன்னாள், காபி கொண்டுவரச் சொன்னாள், அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மீட்டருக்குக் கோபப்பட ஒரு முரடன் கிடைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“சார், அது அவங்க குரல் இல்ல. அவங்க குரல்லேர்ந்து கத்துக்கிட்டது. இன்னும் பதினோரு பேர் குரலும் அதுல சேர்ந்திருக்கு” என்றாள். பத்திரத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். டிராக்கம்மாவின் கையெழுத்து சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே சாட்சியின் கையெழுத்து பெரிதாகச் சாய்ந்து, அடியில் இரண்டு கோடும் புள்ளியுமாக இருந்தது.

டிராக்கம்மாவின் குரலை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று மீட்டர் கேட்டார்.

“காபியில கரைஞ்ச சர்க்கரையைத் திருப்பி எடுக்க முடியுமா சார்?”

“சர்க்கரை போட்டவங்களுக்கு ஒரு வாய் காபி குடுத்தீங்களாம்மா?” என்றார் மீட்டர். காபியைக் குடிக்காமல் அவர் இறங்கிவிட்டார். லிப்ட் ஏழு மாடி இறங்குவதற்குள் தன்னைத் தானே என்னென்னவோ திட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் தலைகீழாக நின்ற கதை. தெரிந்த இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏறினார். இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் கை நீட்டாத ஆள், கோரஸில் நிற்க ஓர் இடம் கொடுங்கள், விளம்பரத்தில் இரண்டு வார்த்தை கொடுங்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது, எல்லாரும் அவளை விசாரித்தார்கள், கோரஸும் கம்ப்யூட்டரில்தான் வருகிறது என்று வருத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும், அந்தக் கம்ப்யூட்டர் குரல் ரொம்ப அடக்கமாகப் பாடுகிறது, யாரை வைத்துப் பழக்கினார்கள் என்று ஆவலாக விசாரித்தார். மீட்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். செப்டம்பரில் டிராக்கம்மாவுக்குக் கடைசியாக ஒரு நாள் வேலை கிடைத்தது. அக்டோபரில் ஸ்டூடியோவின் நாலு அறைகளில் இரண்டை உடைத்து, சோபா போட்டு, உட்கார்ந்து பேசுவதைப் படம் பிடிக்கிற இடமாக மாற்றினார்கள். ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒயர் எது எங்கே போகிறது என்று மீட்டர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது அவருக்கு ஒரு தண்டனையாகவே பட்டது.

இவ்வளவும் நடந்தும் டிராக்கம்மாவிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் வருவதும் இல்லை, கேட்பதும் இல்லை. வேறெங்கோ பாடிக்கொண்டிருப்பாள் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார்.

டிசம்பர் நடுவில் பத்திரிகை வந்தது. ஜூலை மாசத்துக்கு எதிரே ‘செலவு குறைக்கும் புதிய குரல் தொழில்நுட்பம் அறிமுகம்’ என்று போட்டு, மேலே பார்த்த அம்பு ஒன்று. அன்றைக்கு அவருக்குக் காது பரிசோதனை. வருஷக்கணக்காக ஹெட்போன் மாட்டியதில் இடது காதில் ஓர் இரைச்சல். பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். காலை பதினொரு மணி. சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கிற கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது வரிசை ஓரத்தில், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிராக்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

யாருக்கு உடம்புக்கு என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றாள். செப்டம்பரிலிருந்து தினமும் இங்கேதான் வருகிறாளாம். காலை ஒன்பதரைக்கு ரெக்கார்டிங் என்று வீட்டை விட்டுக் கிளம்பி வேலை கேட்டு அலைவாளாம். கதவெல்லாம் சாத்தியானதும் இங்கே வந்துவிடுவாளாம். சாயங்காலம்தான் திரும்பிப் போவாளாம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தாளாம், ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பூங்காவில் காவலாளி விரட்டுகிறார். “இங்க யாரும் யாரையும் எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேக்கறதில்லண்ணே. அழுதாக்கூட கேக்கமாட்டாங்க. சவுகரியமான இடம்” என்றாள். வீட்டுச் செலவுக்கு வளையல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கையை அவள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் மீட்டருக்குப் புரிந்தது.

அவர் சொல்லிவிட்டார். ஆறு நாளைப் பற்றி, பத்திரத்தைப் பற்றி, மூன்றாவது வரியில் தான் கேட்டதைப் பற்றி, ஏழாவது மாடியைப் பற்றி, எல்லாவற்றையும் சுருட்டிய பத்திரிகையைப் பார்த்தபடியே சொன்னார். எதிரே ஒலிபெருக்கியில் ஒரு குரல் நம்பர்களை வாசித்துக்கொண்டிருந்தது. அவருடைய நம்பரும் வந்து போயிற்று.

“தெரியும்ணே” என்றாள் டிராக்கம்மா. “மூச்சை மட்டும் கேட்டாங்க பாருங்க, அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கீழ சாட்சின்னு உங்க பேரு இருந்துச்சு. சரி, நம்ம அண்ணன் படிச்சுப் பார்த்திருப்பார்னு இருந்துட்டேன்.”

மீட்டர் பத்திரிகையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். தனக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியவில்லை. வேலையை உதறிவிட்டுச் சங்க வாசலில் போய் உட்காருகிறேன், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுகிறேன் என்று என்னவோ உளறினார். அவள் தலையை ஆட்டினாள். வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டாளாம். அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டாராம்.

“உக்காந்தா என்னைப் பத்தி வெளியில தெரியும். வெளியில தெரிஞ்சா அவருக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை லாரி முதலாளி வந்தார்ணே. எங்க வீட்டுக்காரர் எதையோ மோப்பம் பிடிச்சிருக்கார். நேத்து ராத்திரி பரண்லேர்ந்து காக்கிச் சட்டையை எடுத்துத் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தார். என் முகத்தை அவரால சரியாப் பார்க்க முடியாது, அதனால தப்பிச்சேன். ஏன் உனக்கு ஸ்டூடியோலேர்ந்து போனே வர்றதில்லன்னு இன்னிக்குக் காலையில கேட்டார். மெசேஜ்ல சொல்லிடறாங்கன்னு சொன்னேன். நம்பல. திங்கக்கிழமை முதலாளிகிட்ட பதில் சொல்றதா இருக்கார்.”

அன்றைக்குச் சனிக்கிழமை. நான் என்னம்மா செய்யட்டும், எதுவானாலும் சொல் என்றார் மீட்டர். அவள் டப்பாவைத் திறந்தாள், சோற்றைப் பார்த்தாள், மறுபடி மூடினாள். பிறகு, டிராக் பாடப் போகும் முன்னால் வரிகளைச் சொல்லிப் பார்ப்பாளே, அதே நிதானத்தில் சொன்னாள்.

“திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு வீட்டுக்கு போன் பண்ணுங்க. நான் குளிக்கப் போயிருப்பேன், அவர்தான் எடுப்பார். பத்து மணிக்கு ரெக்கார்டிங், சரணம் கஷ்டமா இருக்கு, முடிய சாயங்காலம் ஆயிடும்னு சொல்லுங்க. என்ன பாட்டுன்னு கேப்பார், கேக்காம விடமாட்டார். ஏதாவது ஒரு மெட்டை முனகிக் காட்டுங்க. தினமும் பண்ணுங்கண்ணே, எனக்கு ஒரு வழி கிடைக்கிற வரைக்கும். ஆனா ஒரு நாள் முனகினதை மறுநாள் முனகிடாதீங்க. அவருக்குக் கண்ணுதான் போச்சு, காது நல்லாக் கேக்கும்.”